கொல்லிமலையில் ஓர் ஆங்கிலக் குடும்பம்

நாமக்கல்லிலிருந்து சேந்தமங்கலம், காளப்பநாயக்கன்பட்டி வழியாகக் காரவள்ளி வந்து சேர்ந்தால், அங்கேதான் மலையடிவாரம். அதற்கு மேல் எழுபது கொண்டையூசி வளைவுகள். ஒவ்வொரு வளைவிலும் எண் எழுதி வைத்திருக்கிறார்கள். எண்ணிக்கொண்டே ஏறும் குழந்தைகள் நாற்பதைத் தாண்டுமுன் பெரும்பாலும் உறங்கிவிடுகிறார்கள், அல்லது தலைசுற்றலால் வாடிவிடுகிறார்கள். ஏறி முடித்ததும் காற்று மாறுகிறது. கடல் மட்டத்திற்கு ஏறத்தாழ ஆயிரம் முதல் ஆயிரத்து முந்நூறு மீட்டர் உயரத்தில், பலாவும் வாழையும் அன்னாசியும் மிளகும் செழிக்க, சரிவுகளில் சாமையும் தினையும் கேழ்வரகும் விளைய, அமைதியாக விரிந்து கிடக்கிறது கொல்லிமலை.

இங்கே ஊர்களை நாடு என்கிறார்கள். வளப்பூர் நாடு, வாழவந்தி நாடு, அரியூர் நாடு, சேளூர் நாடு, தேவனூர் நாடு, குண்டூர் நாடு, தின்னனூர் நாடு என்று பதினான்கு நாடுகள். சமவெளியில் ஒரு வட்டத்துக்குள் அடங்கிவிடும் நிலப்பரப்பு, மலைமேல் பதினான்கு நாடுகளாகப் பெருமிதத்தோடு நிற்கிறது. செம்மேட்டில் இறங்கி அறப்பளீசுவரர் கோயிலையும், அதன் அருகே ஐயாறு சுமார் முந்நூறு அடி உயரத்திலிருந்து வீழும் ஆகாய கங்கையையும் பார்த்துவிட்டுத் திரும்புவதே பெரும்பாலான பயணிகளின் வழக்கம். அவ்விரண்டையும் குறைத்துச் சொல்வதற்கில்லை. எனினும் இம்மலையில் அருவியைக் காட்டிலும் அரிதான ஒன்று உண்டு. அது வம்சங்களின் வரலாறு.

முதல் வம்சம் வல்வில் ஓரியினுடையது. கடையெழு வள்ளல்களுள் ஒருவனாகிய இவனைப் புலவர் வன்பரணர் பாடினார். ஆதன் ஓரி என்ற பெயரால் அவன் தந்தையின் பெயரும் நமக்குக் கிடைக்கிறது; அதற்கு மேலே மரபு தெரியவில்லை. ஒரே அம்பு யானையையும் புலியையும் மானையும் பன்றியையும் கடந்து உடும்பில் சென்று தைத்தது என்பது அவன் வில்லின் புகழ். திருக்கோவலூர்ப் பகுதியை ஆண்ட மலையமான் திருமுடிக்காரி, சேரனுக்காக ஓரியைக் கொன்று கொல்லியைச் சேரனுக்கு உரிமையாக்கினான். அத்தோடு ஓரியின் வழி வரலாற்றிலிருந்து மறைகிறது. இன்று செம்மேட்டில் ஓரிக்குச் சிலை இருக்கிறது. ஆண்டுதோறும் ஆடி மாதம் அரசு விழா எடுக்கிறது. ஆனால் ஓரியின் பேரன் இன்னான் என்று சொல்ல எவரும் இல்லை. பாடல் பெற்றவனுக்குப் பட்டியல் இல்லை!

இரண்டாம் வம்சம், மலையில் இன்று வாழும் மக்களுடையது. மலையாளிகள் என்று இவர்களைக் குறிப்பிடுவர். கேரள நாட்டாரோடு இப்பெயருக்கு யாதொரு தொடர்பும் இல்லை, மலையில் வாழ்பவர் என்பதே பொருள். தங்கள் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர்கள் என்றும், உடன்பிறந்தார் மூவர் பிரிந்து சேர்வராயன் மலையிலும் பச்சைமலையிலும் கொல்லிமலையிலும் ஆளுக்கொரு மலையாகக் குடியேறினர் என்றும் இவர்கள் வாய்மொழியாகச் சொல்லி வருகிறார்கள். ஊர்க்கவுண்டர், பட்டக்காரர் போன்ற பதவிகள் தந்தைக்குப் பின் மகன் என்ற முறையில் வந்தவை. எழுத்தில் ஒரு வரி இல்லாமலே நூற்றாண்டுகளைக் கடந்து வந்த வம்சாவளி இது. பாட்டன் பெயரைச் சுமப்பவன் ஆதலால் பெயரன், அதுவே பேரன் ஆயிற்று என்பர். நம் மொழியில் பேரன் என்னும் சொல்லே ஒரு வம்சப் பதிவேடு அன்றோ!

மலையடிவாரத்துச் சேந்தமங்கலத்தையும் விட்டுவிடலாகாது. 1623-ஆம் ஆண்டில் தத்துவ போதகர் என்று தமிழ் மக்கள் அழைத்த ராபர்ட் தெ நோபிலி அடிகளார் மதுரையிலிருந்து புறப்பட்டு இவ்வூருக்கு வந்தார். அப்போது இங்கே ஆண்ட இராமச்சந்திர நாயக்கர் அவரை அன்போடு வரவேற்றார். இங்கிருந்துதான் அடிகளார் சேலம் நோக்கிச் சென்றார். 1577-இல் இத்தாலியில் பிறந்த நோபிலியும் உயர்குடியினரே. பேரரசர் மூன்றாம் ஒட்டோ வரை தங்கள் வம்சத்தைக் கொண்டுபோய்ச் சேர்த்த குடும்பம் அது. மூத்த மகனாகப் பிறந்தும் உரிமையைத் துறந்து சேசு சபையில் சேர்ந்தார். ஆயினும் குலம் கேட்டுப் பழகும் நம் நாட்டில், தாம் உரோமை நகர அரச குலத்தவர் என்று சொல்லிக்கொள்ள அவர் தயங்கவில்லை. துறவிக்கும் வம்சம் தேவைப்பட்ட காலம் அது.

மூன்றாவதாக நாம் காணவிருப்பது ஓர் ஆங்கிலக் குடும்பம். பிராண்டு என்பது குடும்பப் பெயர்.

இங்கிலாந்தின் பிரபுக்களது வம்சாவளியைத் தொகுத்து 1826-ஆம் ஆண்டில் பர்க் என்பவர் ஒரு நூல் வெளியிட்டார். அது பதிப்பு மேல் பதிப்பாக வளர்ந்து, தலையணை போன்ற கனத்தை அடைந்தது. இத்தகைய நூல்களைப் புரட்டினால் பிராண்டு என்ற பெயரில் பிரபு குடும்பம் ஒன்றைக் காணலாம். அதன் கதை சுவையானது. நம் வாசகர்களுக்கு உரிய செய்தி ஒன்றும் அதனுள் இருக்கிறது.

1321-ஆம் ஆண்டில் ரால்ஃப் டேக்கர் என்பவர் இங்கிலாந்துப் பாராளுமன்றத்திற்கு அரசனின் ஆணையால் அழைக்கப்பட்டார். அந்த அழைப்பே டேக்கர் பிரபு என்னும் பரம்பரைப் பட்டத்தின் தொடக்கம். பழைய காலத்து இத்தகைய அழைப்பாணைப் பட்டங்களுக்கு ஒரு தனித்தன்மை உண்டு. மகன் இல்லாவிட்டால் மகள் வழியாகவும் அவை இறங்கும். பிற்காலத்தில் அரசர்கள் பட்டயம் எழுதித் தந்த பட்டங்களோ பெரும்பாலும் ஆண்வழி மட்டுமே செல்லும். ஆகையால் டேக்கர் பட்டம் ஒரே குடும்பப் பெயரில் தங்கவில்லை. பெண் புகுந்த வீட்டுக்கெல்லாம் கூடவே சென்றது.

பதினைந்தாம் நூற்றாண்டில் ஜோன் டேக்கர் என்னும் பெண்ணை மணந்த வகையில் ஃபைன்ஸ் குடும்பம் அதைப் பெற்றது. அக்குடும்பத்தில் ஒன்பதாம் டேக்கர் பிரபுவாகிய தாமஸ் ஃபைன்ஸ், இருபதுகளில் இருந்த இளைஞர், அடுத்தவர் நிலத்தில் திருட்டுத்தனமாக வேட்டையாடச் சென்றார். காவலாளி ஒருவர் அடிபட்டு இறந்தார். எட்டாம் ஹென்றி மன்னன் இரக்கம் காட்டவில்லை. 1541-இல் அந்தப் பிரபுவைச் சாதாரணக் குற்றவாளியைப் போலத் தூக்கிலிட்டார்கள். ஓரிக்கு வேட்டை புகழ் தந்தது. இவருக்குத் தூக்குக் கயிறு தந்தது. பறிபோன பட்டம் 1558-இல் அவர் மகனுக்குத் திரும்பக் கிடைத்தது. அம்மகனுக்கும் பிள்ளையில்லை. 1594-இல் சகோதரி மார்கரெட் வழியாக அது லெனார்டு குடும்பத்தைச் சேர்ந்தது.

பின்னர் ஆன் என்ற சீமாட்டி வழியாக ரோப்பர் குடும்பத்தைத் தொட்டது. ரோப்பர் என்றதும் நம்மவர் நிமிர்ந்து உட்காரலாம். அதே எட்டாம் ஹென்றியின் ஆணைக்குப் பணியாமல் 1535 ஜூலை 6-ஆம் நாள் தலை வெட்டுண்டு உயிர் துறந்தவரும், 1935-இல் புனிதர் நிலைக்கு உயர்த்தப்பட்டவருமான தாமஸ் மூரின் அருமை மகள் மார்கரெட், வில்லியம் ரோப்பர் என்பவருக்கு வாழ்க்கைப்பட்டவர். தந்தையின் வெட்டுண்ட தலையை மீட்டெடுத்துப் போற்றி வைத்தவர் இந்த மகளே. அந்த வில்லியம் ரோப்பரின் தம்பி கிறிஸ்டோபரின் வழிவந்தோர்தாம் டெய்னம் பிரபுக்கள். தண்டனைகளும் அபராதங்களும் நெருக்கிய காலத்தில் கத்தோலிக்க விசுவாசத்தைத் தலைமுறை தலைமுறையாகக் காத்த குடும்பம்; பதினெட்டாம் நூற்றாண்டில்தான் எட்டாம் டெய்னம் பிரபு அரசுச் சபையை ஏற்றார். மேலே சொன்ன ஆன் சீமாட்டி மணந்தது இவரையே. இவர்களுடைய பேத்தி கெர்ட்ரூடு ரோப்பர் 1771-இல் தாமஸ் பிராண்டு என்னும் நிலக்கிழாரை மணந்தார். 1794-இல் சகோதரர் பிள்ளையின்றி இறக்கவே பட்டம் கெர்ட்ரூடுக்கு வந்தது. அவருக்குப் பின் அவர் பிள்ளைகளுக்குச் சென்றது. இவ்வாறுதான் பிராண்டு என்னும் பெயர் பிரபுக்கள் பட்டியலில் ஏறிற்று.

கெர்ட்ரூடின் பேரன் ஹென்றி பிராண்டு 1872 முதல் 1884 வரை இங்கிலாந்துப் பொதுமக்கள் சபையின் சபாநாயகராக இருந்தார். 1881-இல் அயர்லாந்து உறுப்பினர்கள் ஒரு மசோதாவைத் தடுப்பதற்காக நாற்பத்தொரு மணி நேரத்துக்கு மேலாக இடைவிடாது பேசியபோது, தம் சொந்தப் பொறுப்பில் விவாதத்தை முடித்துவைத்தவர் இவரே. 1884-இல் ஹாம்ப்டன் வைகவுண்ட் என்ற புதிய பட்டமும் இவருக்குக் கிடைத்தது. ஆக, ஒரே ஆளிடம் இரண்டு பட்டங்கள்: மகளுக்கும் செல்லக்கூடிய பழையது ஒன்று, மகனுக்கு மட்டுமே செல்லக்கூடிய புதியது ஒன்று. 1965-இல் நான்காம் வைகவுண்ட் மகன் இல்லாமல் இறந்தபோது இரண்டும் பிரிந்தன. புதியது தம்பிக்குப் போயிற்று. பழையதோ, மகள்களுக்குள் யாருக்கு என்ற கேள்வியில் ஐந்தாண்டு அந்தரத்தில் நின்று, 1970-இல் மூத்த மகளுக்கு உறுதி செய்யப்பட்டது. நம் ஊரில் பூர்வீக வீட்டைப் பாகம் பிரிப்பதற்கும் இதற்கும் பெரிய வேறுபாடு தெரியவில்லை.

கொல்லிமலைக்கு வந்த பிராண்டு இந்தப் பட்டியலைச் சேர்ந்தவர் அல்லர். ஜெஸ்ஸி பிராண்டு 1885-இல் இங்கிலாந்தில் கில்ட்ஃபோர்டு என்னும் ஊரில் பிறந்த கட்டடத் தொழிலாளி. சீர்திருத்த சபைகளுள் ஒன்றான பாப்திஸ்து மிஷனின் சார்பில் 1907-இல் இந்தியா வந்தார். அதற்கு முன் லண்டனில் ஓராண்டு அடிப்படை மருத்துவம் பயின்றிருந்தார். பிரிந்த சகோதரர்களின் உழைப்பை நாம் திறந்த மனத்தோடு பாராட்டப் பழகிவிட்ட இக்காலத்தில், இவரைப் பற்றி நம் இல்லங்களில் பேசத் தடையொன்றும் இல்லை.

எவெலின் ஹாரிஸ், இவருக்கு வாய்த்த துணைவி. 1879-இல் லண்டனின் செல்வச் செழிப்பான வணிகர் குடும்பத்தில், பதினொரு பிள்ளைகளுள் ஒருவராகப் பிறந்தவர், ஓவியம் பயின்றவர். 1913-இல் சேந்தமங்கலத்தில் இருவருக்கும் திருமணம். அதே சேந்தமங்கலம்தான், நோபிலி அடிகளார் வந்து தங்கிய ஊர். மணமக்கள் மழையில் நனைந்தபடி மலையேறினர். கொண்டையூசி வளைவுகளுக்கு அன்று யார் போவது? ஒற்றையடிப் பாதை, கீழே முள், மேலே பாறை. வாழவந்தியில் ஜெஸ்ஸி தம் கையாலேயே அமைத்த மரவீடு காத்திருந்தது. பட்டுடுத்து வளர்ந்த லண்டன் பெண் அந்த வீட்டில்தான் குடித்தனம் தொடங்கினார்.

மலைமக்களை அன்று வாட்டிய நோய்களுள் ஒன்று நரம்புச் சிலந்தி. படிக்கட்டுக் கிணற்றில் புண்ணோடு இறங்குவோரின் காலிலிருந்து புழுவின் குஞ்சுகள் நீரில் கலக்கும். நீரிலுள்ள நுண்ணுயிர்ப் பூச்சிகளின் வயிற்றில் வளரும். அந்நீரைக் குடிப்பவர் உடலுக்குள் மறுபடியும் புழுவாகும். ஓராண்டு கழித்து முழ நீளத்துக்கு மேல் வளர்ந்து காலைத் துளைத்துக்கொண்டு வெளிவரும். பிடித்து இழுத்தால் அறுந்துவிடும். அறுந்தால் புண் புரையோடும். ஜெஸ்ஸி சிறு குச்சியில் அதனை நாள்தோறும் கொஞ்சம் கொஞ்சமாகச் சுற்றிச் சுற்றி எடுப்பார். அதைவிட மேலானது அவருக்குள் இருந்த கட்டடக்காரர் செய்த வேலை. மக்கள் கால் நனைக்க முடியாதபடி கிணறுகளைச் சுற்றிக் கற்சுவர் எழுப்பச் செய்தார். மருந்தால் தீராத நோய்க்குக் கல்லும் காரையும் மருந்தாயின. இந்தியா முழுவதும் இந்நோய் ஒழிந்ததாக உலக சுகாதார நிறுவனம் சான்றளித்தது 2000-ஆம் ஆண்டில்தான். கொல்லிமலைக் கிணற்றுச் சுவர் அதற்கு எவ்வளவோ காலம் முந்தியது.

சமய போதனையை மலைமக்கள் பல ஆண்டுகள் பொருட்படுத்தவில்லை. உள்ளூர்ப் பூசாரி ஒருவர் வெளிப்படையாகவே எதிர்த்தார். முதல் உலகப் போரின் முடிவில் விஷக்காய்ச்சல் பரவியபோது மலையிலும் சாவு மலிந்தது. பிராண்டு தம்பதியர் கஞ்சி காய்ச்சி ஊர் ஊராக எடுத்துச் சென்று ஊட்டினர். அந்தப் பூசாரியும் நோயில் விழுந்தார். சாகும் தறுவாயில், ஒருவரும் அருகே வர அஞ்சிய வீட்டுக்குள் வந்து நின்றவர் எதிரியாகிய ஜெஸ்ஸிதான். தம் பச்சிளம் பெண் குழந்தையை அவர் கையிலேயே ஒப்படைத்துவிட்டு அம்மனிதர் கண்மூடினார். எவெலின் அக்குழந்தையை எடுத்து வளர்த்தார். மனிதர் உள்ளம் எங்கே திறக்கும் என்பதை யார் சொல்ல முடியும்?

அவர்களுக்குப் பிறந்த பிள்ளைகள் இருவர். மூத்தவர் பால், 1914 ஜூலை 17-ஆம் நாள் பிறந்தவர். அடுத்தவர் தங்கை கான்னி. பலா மரமேறியும் தமிழில் பேசியும் வளர்ந்த அச்சிறுவன் ஒன்பதாம் வயதில், 1923-இல், தங்கையோடு படிப்புக்காக இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டான். தந்தையை அவன் மீண்டும் பார்க்கவே இல்லை. 1929 ஜூன் 15-ஆம் நாள் மலேரியாவின் கொடிய வகையான கருநீர்க் காய்ச்சலால் ஜெஸ்ஸி காலமானார். வயது நாற்பத்து நான்கு. செய்தி தந்தியில் உடனே போயிற்று. கடிதங்களோ கப்பலில் போயின. ஆகவே தந்தை இறந்துவிட்டார் என்று அறிந்த பின்னும் பல வாரங்கள், மலையின் மரங்களையும் பறவைகளையும் பற்றி அவர் எழுதிய மடல்கள் ஒவ்வொன்றாக மகன் கைக்கு வந்துகொண்டிருந்தன. பதினைந்து வயதுப் பையன் அவற்றை எப்படிப் பிரித்திருப்பான்!

பால் முதலில் தந்தையின் தொழிலையே, தச்சும் கட்டடமும், சில ஆண்டுகள் பயின்றார். பிறகு மருத்துவம் படித்தார். உடன் பயின்ற மார்கரெட் பெரியை 1943-இல் மணந்தார். 1946-இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். மறு ஆண்டு செங்கற்பட்டுத் தொழுநோய் மருத்துவமனையைக் காணச் சென்றபோது, மடங்கிப்போன விரல்களுக்குள் இன்னும் வலுவான தசைகள் இருப்பதைக் கண்டு திகைத்தார். நல்ல தசைநாரை எடுத்து முடங்கிய விரலோடு இணைக்கும் அறுவைச் சிகிச்சையை 1948-இல் தொடங்கினார். தொழுநோயாளரின் விரல்கள் நோயால் தாமாக அழுகி உதிர்வதில்லை. வலி உணராமையால் ஏற்படும் காயங்களாலேயே அழிகின்றன என்பதை நிறுவினார். காயம் தடுக்க மென்மையான நுண்துளை ரப்பர்ச் செருப்புகளை உருவாக்கும் முயற்சியிலும் ஈடுபட்டார். தச்சுப் பட்டறையில் கற்ற பொறுமை அறுவைக் கூடத்தில் உதவியது என்பதை அவரே மகிழ்ந்து சொல்வதுண்டு. மார்கரெட்டோ தொழுநோயாளரின் கண்களைக் காக்கும் மருத்துவத்தில் தேர்ந்தார். 1961-இல் இங்கிலாந்து அரசியின் சி.பி.இ. விருது பாலுக்கு வந்தது. அது டேக்கர் பட்டத்தைப் போன்றதன்று. பெற்றவரோடு முடிவது, பிள்ளைகளுக்கு இறங்காதது. அவருக்குப் பிள்ளைகள் ஆறு பேர்.

நம் குடும்பங்களில் எத்தனை பேருக்குக் கொள்ளுப்பாட்டனின் பெயர் தெரியும்? பிரபுக்களுக்குப் பர்க் இருக்கிறார். ஏழைக்கு இருப்பது பங்குக் கோயிலின் பதிவேடு. திரிதெந்தின் பொதுச்சங்கம் 1563-இல் திருமணங்களை ஒவ்வொரு பங்குக் குருவும் ஏட்டில் பதிய வேண்டும் என்று கட்டளையிட்டது. ஞானப்பெற்றோரின் பெயர்களும் எழுதப்படலாயின. அரண்மனையும் குடிசையும் ஒரே தாளில், ஒரே மையில். ஊர்விட்டு ஊர் வந்து குடியேறியவர்கள் ஒருமுறை பழைய பங்குக்குச் சென்று அந்த ஏட்டைக் கேட்டுப் பார்க்கலாம். செல்லரிப்பதற்குமுன் போவது நல்லது.

கணவர் இறந்த பின் எவெலின் இங்கிலாந்து சென்று திரும்பினார். மிஷன் அவரைச் சமவெளியில் பணிக்கு வைத்தது. அவர் மனமோ மலையிலேயே இருந்தது. வயது எழுபதை நெருங்கியபோது, இனி ஓய்வு பெறுங்கள் என்றார்கள். அப்படியே ஓய்வு பெற்றார். பெற்றவுடன் மூட்டை கட்டிக்கொண்டு தம் பொறுப்பிலேயே மலைமேல் சென்று சிறு குடிசை போட்டுவிட்டார்! கொல்லிமலையோடு நில்லாமல் பச்சைமலை, கல்வராயன் மலை என்று ஐந்து மலைத்தொடர்களைத் தம் பணிக்களமாக வரித்துக்கொண்டார். மட்டக்குதிரையிலிருந்து பலமுறை விழுந்தார். நடக்க முடியாதபோது இரண்டு மூங்கில் கழிகளை ஊன்றி நடந்தார். ஓவியம் கற்ற அந்த அழகியின் வீட்டில், கடைசி இருபது ஆண்டுகள் முகம் பார்க்கும் கண்ணாடியே கிடையாது என்று மகன் நினைவு கூர்ந்திருக்கிறார். மலைமக்களுக்கு அவர் பிராண்டு பாட்டி.

1966-இல் மகனும் மருமகளும் பணி நிமித்தம் அமெரிக்காவுக்குப் போனார்கள். பாட்டி போகவில்லை. பால் 2003-இலும் மார்கரெட் 2014-இலும் அந்நாட்டிலேயே காலமாயினர். பாட்டியோ 1974 டிசம்பர் 18-ஆம் நாள், தொண்ணூற்றைந்தாம் வயதில், தமிழ்நாட்டிலேயே கண்மூடினார். உடலை மலைமேல் கொண்டு சென்று, நாற்பத்தைந்து ஆண்டுகளுக்கு முன் கணவரை அடக்கம் செய்த வாழவந்தி மண்ணில், அவர் கல்லறைக்கு அருகிலேயே அடக்கம் செய்தார்கள்.